ரஃப் எல்லாம் ஒரே ரஃப் அல்ல!



நம் வளாகத்தில் ஒரு நாளைக்கு அதிகமாகப் புழங்கும் இங்கிலீஷ் சொல் எது என்று போட்டி வைத்தால், "சார்" என்பதற்கு அடுத்த இடம் "ரஃப்" என்ற சொல்லுக்குத்தான் கிடைக்கும். கணக்குப் போட ரஃப் நோட்டு. டிராயிங் போடும் முன் ரஃப் ஸ்கெட்ச். லேத்தில் முதல் கட் ரஃப் கட். அரம் போட்டு முடித்த வேலையைத் தடவிப் பார்த்து, "இன்னும் ரஃபா இருக்கேப்பா" என்கிறார் சார். சண்டைக்குப் போகிறவன் ரஃபான ஆளு. பைக்கை விரட்டுகிறவன் ரஃபா ஓட்டுறான். டூர் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டால், "ரஃபா ஒரு ஐயாயிரம் ஆகும்டா!"

ஒரே சொல்லை ஏழு இடத்தில் ஏழு பொருளில் வைத்துப் புழங்குகிறோம். யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற சொற்கள் வரும்போது கதை தலைகீழ். ரஃப், கோர்ஸ், ஹார்ஷ், ரக்கட், அன்ஈவன், ஜேகட், குரூட் என்று ஒவ்வொன்றையும் அகராதியில் தேடிப் பாருங்கள். சுற்றிச் சுற்றி "கரடுமுரடான" என்ற ஒரே பதில்தான் வந்து நிற்கும். நாமும் ஏழு சொல்லுக்கும் ஒரே பொருளை எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கிவிட்டு வந்துவிடுகிறோம்.

இந்த ஆண்டு மலரில் நான் சொல்ல வருவது இதுதான். இந்தச் சொற்களுக்குள் இருக்கும் வேறுபாட்டை இங்கிலீஷ் பாடம் என்று ஒதுக்கி வைக்கக் கூடாது. இது நம் தொழிற்பாடம். இதை ஒர்க்ஷாப்பில், பொருளைத் தொட்டுத்தான் படிக்க வேண்டும். படிக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான். அதிலும் என்னைப் போலப் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இரட்டை நட்டம். என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் இதை நான் மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை, வயிற்றுப்பாட்டு விஷயமாகவே சொல்கிறேன்.

ஒரு சொல் கெடுத்த வேலை

போன வருடம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். பெயர் வேண்டாம். எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் இன்டர்வியூவுக்குப் போனார். ஃபிட்டிங்கில் அவர் கை அவ்வளவு சுத்தம். அவர் டேப் போட்டால் மரை சாய்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "கோர்ஸ் திரெட் என்றால் என்ன?"

அண்ணனுக்குக் கோர்ஸ் என்றால் கரடுமுரடு. அப்படித்தான் பள்ளியில் எழுதிப் போட்டார்கள். ஆகவே, "ஃபினிஷிங் சரியில்லாத மரை, சார்" என்று சொல்லிவிட்டார். எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான், வேலை போச்சு. வெளியே வந்து எங்களிடம், "கையில இருக்குடா, வாயில வரல" என்றார்.

எம் 10 போல்ட்டுக்கு இரண்டு வகை மரை உண்டு. பிட்ச் 1.5 மில்லிமீட்டர் என்றால் கோர்ஸ். 1.25 என்றால் ஃபைன். இந்த இரண்டு டேப்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து எடுக்கக்கூடியவர் அந்த அண்ணன். பொருள் தெரிந்த மனிதர், அதன் பெயரில் தோற்றுப் போனார். இது அவர் குற்றமா? ஏழு சொல்லுக்கு ஒரே பொருளை எழுதிப் போட்ட முறையின் குற்றம் என்கிறேன் நான்.

மேனி வேறு, மணி வேறு

முதலில் இந்த ரஃப், கோர்ஸ் இரண்டையும் பிரித்துவிடுவோம். இவைதான் அதிகமாகக் குழப்புகின்றன.

ரஃப் என்பது மேனியைப் பற்றிய சொல். தடவினால் விரலில் தட்டுவது ரஃப். கோர்ஸ் என்பது மணியின் பருமனையும், கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளியையும் பற்றிய சொல். அதற்கு எதிர்ச்சொல் ஃபைன். ரஃபுக்கு எதிர்ச்சொல் ஸ்மூத். எதிர்ச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கோர்ஸ் மரையைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வெட்டலாம். ஃபைன் மரையை மழுங்கிய டையால் வெட்டிப் பிசிறு பிசிறாகக் கெடுக்கவும் செய்யலாம். முதலாவது கோர்ஸ், ஆனால் ரஃப் கிடையாது. இரண்டாவது ஃபைன், ஆனால் ரஃப்.

சிவில் நண்பர்களைக் கேளுங்கள். 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது கோர்ஸ் அக்ரிகேட், அதாவது ஜல்லி. அதில் இறங்கிப் போவது ஃபைன் அக்ரிகேட், அதாவது மணல். ஆற்றில் உருண்டு உருண்டு முட்டை மாதிரி வழவழப்பான கூழாங்கல்லைச் சல்லடையில் போட்டால் மேலே தங்கும். ஆகவே அது கோர்ஸ். தடவினால் ஸ்மூத். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் சல்லடையில் இறங்கிவிடும். ஆகவே அது ஃபைன். ஆனால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், ஆற்று மணலைவிடக் குத்தும். அகராதி சொல்கிறபடி கோர்ஸ் என்றால் கரடுமுரடு என்று பிடித்துக்கொண்டால், கூழாங்கல் எங்கே போவது?

டெக்ஸ்டைல் நண்பர்களுக்கும் இதே கதைதான். நூலில் 10-ஆம் கவுண்ட் கோர்ஸ், 100-ஆம் கவுண்ட் ஃபைன். நூலின் பருமனைத்தான் சொல்கிறார்கள். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லியதாகிறது. கிரைண்டிங் வீலிலும் அப்படியே. 24 என்றால் கோர்ஸ் மணி, 46 மீடியம், 120 ஃபைன். எமரி தாளிலும் எண் ஏற ஏற மணி பொடியாகிறது. ஆனால் மேனியின் சொரசொரப்பை அளக்கும் எண் இதற்கு நேர் எதிர். அதில் எண் ஏற ஏற சொரசொரப்பும் ஏறும். சொல் குழம்பினால் எண்ணும் குழம்பும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டுக்கும் உறவே இல்லையா என்றால், உண்டு. காரணம் கோர்ஸ், விளைவு ரஃப். லேத்தில் ஃபீடைக் கோர்ஸாக வைத்தால் மேனி ரஃபாக வரும். கணக்கும் இருக்கிறது. ஃபீடின் வர்க்கத்தை, டூல் மூக்கின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம் ஏறக்குறைய வந்துவிடும். மூக்கின் ஆரம் 0.8 மில்லிமீட்டர், ஃபீடு 0.2 என்றால் உயரம் சுமார் 6 மைக்ரான். ஃபீடை 0.4 ஆக்கினால் 25 மைக்ரான். ஃபீடு இரண்டு மடங்கு ஆனால் சொரசொரப்பு நான்கு மடங்கு! ஒரே வாக்கியத்தில் கோர்ஸும் ரஃபும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

இந்த வேறுபாடு நமக்குப் புதுசா? இல்லவே இல்லை. என் அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் "அடைக்குக் கொரகொரன்னு அரை, தோசைக்கு நைஸா அரை" என்பார். அது கோர்ஸ், இது ஃபைன். அம்மி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால், "கல்லு வழுக்குது, கொத்தணும்" என்பார். கொத்தியபின் கல் சொரசொரப்பாகிவிடும். அதுதான் ரஃப். கொரகொரப்பு மாவுக்கு, சொரசொரப்பு கல்லுக்கு. அம்மா ஒரு நாளும் மாற்றிச் சொன்னது கிடையாது. சொரசொரப்பான கல்லில்தான் நைஸான சட்னி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். நம் அடுப்படியில் இருக்கிற இரண்டு சொல்லை விட்டுவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துக் "கரடுமுரடு" என்று எழுதிப் போட்டது யார்?

மட்டம் வேறு, வழவழப்பு வேறு

அடுத்தது அன்ஈவன். இதுவும் ரஃபும் ஒன்றில்லை. அன்ஈவன் என்பது மேடுபள்ளம். தார் ரோடு புதிதாய்ப் போட்டால்கூட, அடித்தளம் இறங்கியிருந்தால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். ரோட்டின் மேனி நன்றாகத்தான் இருக்கிறது, மட்டம்தான் இல்லை.

நம் மெட்ராலஜி பாடம் இதை அழகாகப் பிரிக்கிறது. டூல் விட்டுப்போகும் மிகச் சிறிய, நெருக்கமான கோடுகள் ரஃப்னஸ். மெஷின் அதிர்வாலும் வேலைத்துண்டு வளைவதாலும் வரும் அகலமான அலைகள் வேவினஸ். அதையும் தாண்டி, முழுத்துண்டே வளைந்திருந்தால் அது வடிவப் பிழை. கடல் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அலையின் முதுகில் சிறு சிறு நெளிவுகள் ஓடுகின்றன அல்லவா? அலை வேவினஸ், நெளிவு ரஃப்னஸ்.

ஃபிட்டிங் ஷாப்பில் இருக்கும் சர்ஃபேஸ் பிளேட்டைப் பாருங்கள். கையால் ஸ்கிரேப் செய்த வார்ப்பிரும்பு பிளேட் கண்ணாடி மாதிரி மின்னாது. புள்ளி புள்ளியாக ஸ்கிரேப்பர் தடம் இருக்கும். ஆனால் மட்டத்தில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. எவர்சில்வர் குடத்தின் வெளிப்பக்கம் மினுமினு என்று இருக்கும். அதன் மேல் மட்டம் பார்க்க முடியுமா? ஒன்று மட்டம், மற்றது வழவழப்பு. இரண்டும் தனித்தனிக் குணம்.

இந்தச் சொரசொரப்பை அளக்க ஆர்.ஏ. என்ற எண் வைத்திருக்கிறார்கள். சராசரிக் கோட்டிலிருந்து மேடும் பள்ளமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதன் சராசரி அது. டிராயிங் பாடத்தில் என் 1 முதல் என் 12 வரை படித்திருக்கிறோம். என் 1 என்றால் 0.025 மைக்ரான். ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகி, என் 12-இல் 50 மைக்ரானில் போய் நிற்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாந்து போவோம். ஒரு மேனியில் கூரான மேடுகள் நிற்கின்றன. இன்னொன்றில் தட்டையான மேனியில் ஆழமான பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆர்.ஏ. ஒன்றாகவே வரலாம். முதல் மேனி எதிரில் உரசுவதைச் சீவித் தள்ளும். இரண்டாவது மேனி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண் ஒன்று, குணம் வேறு. இங்கேதான் சரியான சொல் வேண்டியிருக்கிறது.

நம் விரலையும் குறைத்து எடைபோட வேண்டாம். சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனித விரல் சுமார் 10 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்களைக்கூட வெறும் வழவழப்பிலிருந்து பிரித்து அறிகிறது. அதாவது ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு! கருவி நம் கையிலேயே இருக்கிறது நண்பர்களே. பெயர்ப் பட்டியல்தான் குறைகிறது.

சொரசொரப்பு எல்லாம் குறை இல்லை

"ரஃப்" என்றாலே மட்டம், "ஸ்மூத்" என்றாலே உசத்தி என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. அது தப்பு.

இன்ஜின் சிலிண்டரின் உட்சுவரை ஹோனிங் செய்யும்போது குறுக்கும் நெடுக்குமாக வேண்டுமென்றே கோடு போடுகிறார்கள். எண்ணெய் அந்தக் கோட்டுக்குள் தங்க வேண்டும். கோடெல்லாம் மழுங்கிப் பளபளவென்று ஆகிவிட்டால் எண்ணெய் நிற்காது. மைக்ரோமீட்டரின் திம்பிளில் நர்லிங் போட்டிருப்பது எதற்கு? விரல் வழுக்கக் கூடாது என்பதற்குத்தான். நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கும் கருவிக்கே பிடிமானத்துக்குச் சொரசொரப்பு தேவைப்படுகிறது! கான்கிரீட்டுக்குப் போடும் கம்பியில் வரி வரியாக இருப்பதும் சிமென்டோடு பிடிப்பு வேண்டும் என்றுதான்.

என் அப்பாவிடம் ஒரு தடவை, "ஏம்ப்பா நல்லா இருக்கற கான்கிரீட் தூணைப் போய்க் கொத்தி விடறீங்க?" என்று கேட்டேன். "பூச்சு நிக்கணும்னா சுவரு சொரசொரன்னு இருக்கணும்டா. வழவழன்னு இருந்தா காலையில பூசுனது சாயங்காலம் கழண்டுரும்" என்றார். இதையே புத்தகம் இங்கிலீஷில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் பாராட்டுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது, அதுதான் ரக்கட். முதலில் சடை பிடித்த முடியைக் குறித்த சொல் இது. பிறகு பாறையும் மலையுமான நிலத்தைக் குறித்தது. இன்று ஒரு மெஷினை ரக்கட் என்றால், எந்த அடியையும் தாங்கும், வெயிலிலும் தூசியிலும் நின்று உழைக்கும் என்று பொருள். அந்த மெஷினின் மேனி வழவழப்பாகவே இருக்கலாம். விளம்பரத்தில் ரக்கட் என்று பார்த்ததும் "கரடுமுரடான மெஷின்" என்று மொழிபெயர்த்தால், வாங்க வந்தவன் ஓடிவிடுவான்!

மிச்சமுள்ள சொந்தக்காரர்கள்

குரூட் என்றால் பச்சையாக, பக்குவம் செய்யாமல் இருப்பது. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கே "பச்சை" என்றுதான் பொருள். குரூட் ஆயிலைக் கச்சா எண்ணெய் என்று சொன்னவர் சரியாகச் சொன்னார். கரடுமுரடான எண்ணெய் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? தொட்டால் வழுக்குமே!

ஹார்ஷ் என்பது நம் புலனைத் தாக்குவது. கண்ணைக் கூசும் விளக்கு, காதைக் கிழிக்கும் சத்தம், தாங்க முடியாத வெயில், அளவுக்கு மீறிய தண்டனை எல்லாம் ஹார்ஷ். கான்கிரீட்டிலும் ஹார்ஷ் மிக்ஸ் உண்டு. மணல் குறைந்து ஜல்லி மிஞ்சிப் போய், கரணைக்குக் கட்டுப்படாமல் முரண்டு பிடிக்கும் கலவை அது.

ஜேகட் என்பது விளிம்பைப் பற்றியது. உடைந்த கண்ணாடியின் ஓரம், கிழித்த தகரத்தின் ஓரம் எல்லாம் ஜேகட். தடவிப் பார்க்கக் கூடாத சொல், ரத்தம் வரும்! அப்ரேசிவ் என்பது தான் தேயாமல் மற்றதைத் தேய்க்கப் பார்ப்பது. எமரி தாள் அந்த ரகம்.

ஹோர்ஸ் என்பது குரலுக்கு மட்டுமே. தொண்டை கட்டிக் கரகரத்தால் ஹோர்ஸ். கோர்ஸ் என்ற சொல்லோடு எழுத்தில் ஒட்டிப் பிறந்தது, ஆனால் காதில் குதிரை மாதிரியே விழும். ஆகவே கலை விழாவில் பாட்டுப் பாடிவிட்டு "ஐ ஆம் ஹோர்ஸ்" என்று சொல்பவர்கள் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிடுவது நல்லது.

இனி ரஃப் நோட்டுக்கு வருவோம். அதற்கும் சொரசொரப்புக்கும் சம்பந்தம் இல்லை. லேத்தில் ரஃப் கட் என்பதும் அப்படித்தான். முதலில் வேண்டாததை வேகமாகக் கழித்துவிட்டு, நுட்பத்தைப் பிறகு ஃபினிஷிங் கட்டில் பார்த்துக்கொள்வது. ரஃப் நோட்டின் ரஃபும் ரஃப் கட்டின் ரஃபும் ஒரே ரஃப். இன்னும் முடியவில்லை, மேலே வேலை இருக்கிறது என்பதுதான் பொருள். வைர வியாபாரத்தில்கூடப் பட்டை தீட்டாத கல்லுக்கு ரஃப் என்றுதான் பெயர்.

ஆளைச் சொல்லும்போது

பொருளுக்குச் சொல்லும் சொல்லைத்தான் மனிதனுக்கும் சொல்கிறார்கள். அங்கே வேறுபாடு தெரியாவிட்டால் வலிக்கும்.

வெளியே முறைத்துக்கொண்டு, உள்ளே பாசம் வைத்திருப்பவர் கிரஃப். எங்கள் ஒர்க்ஷாப் சார் அப்படித்தான். மாணவன் முகம் வாடும்படி வேண்டுமென்றே கடுமை காட்டுகிறவர் ஹார்ஷ். இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல வாத்தியாருக்குக் கெட்ட பெயர் வைத்துவிடாதீர்கள். யாரோடு பேசினாலும் உரசிக்கொண்டே இருப்பவர் அப்ரேசிவ். அசிங்கமாகப் பேசுகிறவர் பேச்சுதான் கோர்ஸ்.

இந்தக் கோர்ஸ் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. "வழக்கமானது, சாதாரணமானது" என்ற பொருளில் இருந்துதான் இது வந்தது என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் கருதுகிறார்கள். தொடக்கத்தில் அது சாதாரணத் துணியைக் குறித்தது. பேச்சையும் நடத்தையையும் குறித்தது பின்னாளில்தான். எனக்கு இதைப் படித்தபோது சுருக்கென்றது. சாதாரண ஆள் உடுத்தும் துணிக்கு வைத்த பெயர், போகப் போக மட்டமான நடத்தைக்கும் பெயராகிவிட்டதே!

நம்மையும் அப்படித்தானே பார்க்கிறார்கள்? பாலிடெக்னிக் பையன் என்றால் ரஃப் என்று பஸ்ஸில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். என் அப்பாவின் உள்ளங்கை ரஃப்தான். இருபது வருடச் சிமென்ட் அரித்த கை அது. அவர் பேச்சு கோர்ஸ் கிடையாது. அவர் மனசு ஹார்ஷும் கிடையாது. ஆள் ரக்கட். இந்த நான்கு சொல்லையும் நான்கு இடத்தில் வைக்கத் தெரிந்தால்தான் என் அப்பாவைப் பற்றி ஒரு நியாயமான வாக்கியத்தை இங்கிலீஷில் என்னால் எழுத முடியும். தெரியாதவன் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவான்.

சிலர் கேட்கக்கூடும்

"வேலை தெரிந்தால் போதாதா, சொல் எதுக்குய்யா?" என்று சிலர் கேட்கக்கூடும். டிராயிங் ஷீட்டில் வருவது சொல்தானே? கோர்ஸ் வீல் போடு என்றால் எதைப் போடுவீர்கள்? தப்பான வீலைப் போட்டால் கெடுவது வேலைத்துண்டு, பிடிபடுவது நம் சம்பளம்.

"எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே" என்று வேறு சிலர் கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் "கரடுமுரடு" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தமிழிலும் பாடம் நடத்த முடியாது. மேனிக்குச் சொரசொரப்பு, மணிக்குப் பருமை அல்லது கொரகொரப்பு, மட்டமின்மைக்கு மேடுபள்ளம், ஓரத்துக்குப் பிசிறு, குரலுக்குக் கரகரப்பு, பக்குவமில்லாததற்குக் கச்சா, கரடுமுரடு நிலத்துக்கு. இத்தனை சொல் நம் வாயில் புழங்குகிறது. சோம்பலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இங்கிலீஷும் வராது, தமிழும் கெடும். ஆகவே தமிழா இங்கிலீஷா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டிலும் துல்லியம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மாணவர் பேரவை மலரில் எழுதியதற்குப் பொருள் இல்லை. ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒர்க்ஷாப் சுவரில் ஒரு பலகை. அதில் பத்துத் துண்டுகளைத் திருகி மாட்டுவோம். ரஃப் கட் போட்ட துண்டு, ஃபினிஷ் செய்த துண்டு, கோர்ஸ் மரை, ஃபைன் மரை, நர்லிங், பிசிறு நீக்காத தகடு, கூழாங்கல், உடைகல் என்று. ஒவ்வொன்றின் கீழும் இங்கிலீஷ் பெயர், தமிழ்ப் பெயர். தகட்டின் ஓரத்தை மட்டும் கண்ணாடியால் மூடிவிடலாம்! மற்றதையெல்லாம் தொட்டுப் பார்த்துப் படிக்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை, ஸ்கிராப் பெட்டியிலேயே பாதி கிடைக்கும்.

இரண்டாவது, இங்கிலீஷ் பீரியடில் வாரத்துக்கு ஒன்றை ஒர்க்ஷாப்பிலும் லேபிலும் நடத்த ஆசிரியர்கள் மனம் வைக்க வேண்டும். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல் மறக்காது. அரத்தின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: ரஃப், பாஸ்டர்ட், செகண்ட் கட், ஸ்மூத், டெட் ஸ்மூத். பாஸ்டர்ட் என்ற பெயரைக் கேட்டு முதல் வருடத்தில் நாம் சிரிக்காத சிரிப்பா? ஆனால் மூன்று வருடம் ஆகியும் அந்த வரிசை ஒருவனுக்கும் மறக்கவில்லை. கையில் பிடித்த சொல் அது.

மூன்றாவது, பேரவையே செய்யக்கூடியது. மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் மூன்று துறையிலும் சேர்ந்து ஐம்பது சொற்களைத் திரட்டி, அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒதுக்குவோம். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா தொழிலில் சொல்லும் சொற்களை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வரட்டும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை, தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, தச்சர் வீட்டுப் பிள்ளை என்று நம்மிடம் இல்லாத தொழில் உண்டா? இன்டர்வியூவுக்கு முன் சீனியர் அண்ணன்களும் அக்காக்களும் அந்த ஐம்பதில் பத்தை ஜூனியர்களிடம் கேட்டுப் பழக்கிவிட்டால், இனி ஒருவர்கூடக் "கையில இருக்கு, வாயில வரல" என்று வெளியே வரமாட்டார்.

நண்பர்களே! நம் கையும் கண்ணும் யாருக்கும் குறைந்தவை கிடையாது. விரல் நுனியில் மைக்ரானைத் தடவிச் சொல்லும் திறமையோடுதான் இங்கிருந்து போகிறோம். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சரியான சொல்லால் சொல்லவும் பழகிக்கொள்வோம். அடுத்த மாதம் பேரவைக் கூட்டத்தில் அந்தப் பலகைக்கான தீர்மானத்தை நான் கொண்டுவருகிறேன். கை தூக்க நீங்கள் வாருங்கள். வரும்போது ஸ்கிராப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்து வந்தால் இன்னும் நல்லது.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை